ஹாக்கி எங்களுக்குத் தூரத்து விளையாட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவின் ராஜ்கிர் நகரில் நடந்து முடிந்த 2025 ஆசியக் கிண்ண ஹாக்கிப் போட்டி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண் தவறிப் படித்துவிட்டேனோ என்ற ஐயத்தில்தான் இரண்டாவது முறை படித்தேன். தவறவில்லை. "ஹாக்கி எப்போதுமே தோட்டத்து மக்களுக்குத் தூரத்து விளையாட்டு" என்று அச்சில் தெளிவாகவே இருக்கிறது. எழுதியவர் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்து இதைக் கண்டறிந்தார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தோட்டத்தில் காற்பந்துதான் பெரிய ஆட்டம். அதை நான் மறுக்கவில்லை. ஹாக்கி முதலில் தோட்ட எழுத்தர்களான கிராணிமார் ஆட்டமாகத்தான் இருந்தது என்பதும் உண்மை. ஆனால், அவர்கள் மட்டை முறிந்தால் தூக்கி எறிவார்கள். எறிந்ததை நாங்கள் எடுத்து வந்து, முறிந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றி, அதை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆடுவோம். பந்துக்குக் காசு ஏது? ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்து உருட்டினால் பந்து வரும். ஆனால் அது முயல் போலத் துள்ளும். துள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்து, மேலே சாக்குத் துணியைச் சுற்றித் தைப்போம். ஒட்டுப்பாலுக்கும் நிறுவைக் காசு உண்டு என்பதால், அந்தப் பந்துக்காக என் தாயாரிடம் நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கே இல்லை. முழங்காலுக்குக் கீழே பாக்குமரப் பாளையைக் கட்டிக்கொண்டு கோல் முனையில் நின்றவன் நான். இடது கணுக்காலில் அந்தக் கூழாங்கல் பதித்த தழும்பு இன்னமும் இருக்கிறது. தூரத்து விளையாட்டு இவ்வளவு பக்கத்தில் வந்து அடிக்கும் என்று கட்டுரையாளர் அறிந்திருக்க நியாயமில்லை.

1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் நடந்ததும், அதில் மலேசியா நெதர்லாந்தை வென்று அரையிறுதிக்கு வந்ததும் தாங்கள் அறியாததல்ல. அந்த அரையிறுதியைத் தோட்டத்து மருத்துவமனை டிரஸர் வீட்டு வாசலில், வானொலியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு அப்போது வயது 14. மலேசியா 2-1 என்று முன்னணியில் இருந்தபோது அயர் கங்காணியே எழுந்து நின்றுவிட்டார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இந்தியாவின் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றோம். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்த முகங்களைப் பார்த்திருந்தால், இந்த ஆட்டம் யாருக்குத் தூரம் என்று எழுதக் கட்டுரையாளர் சற்றுத் தயங்கியிருப்பார். அந்த அணிக்குத் தலைமை ஏற்றவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன் அதில் ஆடினார். இந்தப் பெயர்களை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நான் நினைவூட்ட வேண்டியிருப்பதுதான் வேதனை.

பெயர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பிள்ளைகளின் பெயர்களை ஆங்கிலச் செய்தியில் எழுத்துக்கூட்டிப் படித்து, அதை அப்படியே தமிழில் இறக்கும் வழக்கத்தைத் தங்கள் விளையாட்டுப் பகுதி இன்னும் கைவிடவில்லை. கோபிநாதன் தங்கள் பக்கத்தில் 'கோபினாத்தான்' ஆகியிருந்தார். 300க்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களில் கோல் காத்த தம்பின் நகரத்துப் பிள்ளை எஸ். குமாரின் பெயர் மட்டும் தப்பித்தது. கெடுப்பதற்கு அதில் எழுத்துகள் போதவில்லை போலும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1982இல் கராச்சியில் தொடங்கி இதுவரை நடந்த 12 ஆசியக் கிண்ணப் போட்டிகளில் நான்கு நம் நாட்டில் நடந்தவை: கோலாலம்பூரில் 1999, 2003, குவாந்தானில் 2009, ஈப்போவில் 2013. ஈப்போ எங்களுக்குப் பக்கம் என்பதால் 2013 அரையிறுதிக்கு நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். எதிரில் இந்தியா. சுல்தான் அஸ்லான் ஷா அரங்கில் என் தொண்டை கட்டிப்போகும் வரை மலேசியாவுக்காகக் கத்தினேன். 2-0 என்று தோற்றுத் திரும்பும்போது வேனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தங்கள் பத்திரிகையில், அரங்கில் இருந்த இந்தியர்களுக்கு இந்தியா வென்றதில் இரட்டிப்பு மகிழ்ச்சி என்று வந்தது. அன்றைக்கே கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. 2017இல் டாக்காவில் மலேசியா முதன்முறையாக இறுதியாட்டத்துக்குப் போய் இந்தியாவிடம் 2-1 என்று தோற்றபோது, அந்தச் செய்தி இங்கிலாந்துக் காற்பந்துச் செய்திகளுக்கு அடியில் ஐந்து வரியில் கிடந்தது, மீண்டும் எழுதினேன். 2022இல் ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தென் கொரியாவிடம் அதே 2-1. அப்போதும் எழுதினேன். தங்கள் அலுவலகத்தில் என் கையெழுத்து இந்நேரம் பழகிப் போயிருக்க வேண்டும்.

இந்த முறை மூன்றாம் இடம் கிடைத்ததை 'ஆறுதல்' என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். இறுதியாட்டம் வரை போன தென் கொரியாவைப் பிரிவு ஆட்டத்தில் 4-1 என்று வென்ற அணி இது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சீனாவையும் 4-1 என்று வென்றது. இதற்கு முன் ஆசியக் கிண்ணத்தில் நாம் மூன்றாம் இடம் பெற்றது 2007இல், சென்னையில். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மூன்றாம் இடத்துக்கு ஆறுதல் என்று பெயர் வைக்கத் தனி மனம் வேண்டும்.

கட்டுரையாளர் ஒருவேளை இன்றைய நிலையைப் பார்த்து எழுதியிருக்கலாம். அப்படியானால் 'எப்போதுமே' என்ற சொல்லை விட்டுவிட்டு, எப்போதிலிருந்து என்று விசாரித்திருக்க வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்தபோதே புல்தரை ஆட்டக்காரனுக்குப் பாதிக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மீதிக் கதவு எங்கள் கண் முன்னால் சாத்தப்பட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, நிர்வாகம் எங்கள் திடலிலும் ஒன்பது நிரை நட்டது. கோல் கம்பம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆள் உயரத்துக்குக் குலை தள்ளி நிற்கிறது. லயத்து வரிசை வீடுகள் கலைந்து பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்த பிள்ளைகளுக்குத் திடலே இல்லை. என் பேரன் செயற்கைத் திடலில் மட்டை பிடிக்க வேண்டுமானால் ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கொண்டுபோய்விட வேண்டும். பயிற்சி முடிகிற நேரத்தில் பேருந்தும் இல்லை. விளையாட்டு எங்களை விட்டுத் தூரமாகக் கொண்டு போகப்பட்டது என்று எழுதியிருந்தால், பத்திரிகையை நறுக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

கோரிக்கைக்கு வருகிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள்; இரண்டு வரி போதும். அடுத்த ஆசியக் கிண்ணத்தின்போது ஆட்ட நேரங்களை மலேசிய நேரப்படி போடுங்கள். இம்முறை இந்தியாவுடனான ஆட்டத்துக்குத் தாங்கள் அச்சிட்டது இந்திய நேரம் என்று அறியாமல், வயதானவர்கள் ஆறு பேர் பட்டணத்து ஒட்டுக்கடைத் தொலைக்காட்சியின் முன் இரண்டரை மணி நேரம் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வாங்காமல் நாற்காலியைப் பிடித்திருக்கக் கூடாது என்று ஆளுக்கு மூன்று கோப்பை தேநீர் குடித்தோம். அதன் ரசீதை இத்துடன் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.