செந்திலுக்கு, தனியாகப் படிக்க

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இதைப் போனில் பேச முடியாது. உன் அம்மா பக்கத்திலேயே நின்று காது கொடுப்பாள்.

அசதி, எதிலும் பிடிப்பில்லை, தோள் சதையெல்லாம் கரைந்துவிட்டது என்றாய். எல்லாரும் அதை டயாலிசிஸ் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நீ சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தது. மருந்துக் கடையில் ஆயுளைக் கழித்தவனுக்கு அது தெரியாதா? கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, நாலாக மடித்த சீட்டை நீட்டும் ஆண்களை எத்தனை பேர் பார்த்திருப்பேன்!

சிறுநீரகம் கடைசிக் கட்டத்துக்கு வந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவுதான். அதைச் சுரக்கச் சொல்லி விரைக்குக் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. இரத்தத்தில் தேங்கும் கழிவு அந்தக் கட்டளையையும் குழப்புகிறது, விரையையும் மந்தப்படுத்துகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய புரோலாக்டின், அதாவது பால் சுரப்புக்கான ஹார்மோன், உடம்பிலேயே தங்கி அதுவும் சேர்ந்து அமுக்குகிறது. வாந்திக்கு நீ போடும் மெட்டோகுளோபிரமைடு புரோலாக்டினை மேலும் ஏற்றும். மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேள். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியபோது வெட்கப்பட்டாயா? இதற்கு மட்டும் என்ன வெட்கம்?

உன் ஹீமோகுளோபின் ஏறாமல் அடம்பிடிப்பதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். இரத்த அணுக்களை ஊறவைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி 1989இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வருவதற்கு முன், டயாலிசிஸ் நோயாளிகளின் சோகைக்கு நாண்ட்ரலோன் போன்ற ஆண் ஹார்மோன் ஊசிகளைப் போட்டுவந்தார்கள்.

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு இரத்தம் கொடு. ஒருமுறை குறைந்திருந்தால் போதாது, இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று பொதுவாகக் கணக்கு. குறைவு என்றதும் ஊசிக்கு ஓடிவிடாதே. நீயும் கயலும் குழந்தைக்குக் காத்திருக்கிறீர்கள். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதை எல்லாரும் எடுத்துச் சொல்வதில்லை. இரத்தமும் கெட்டியாகலாம், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (இரத்தக் குழாய் இணைப்பு) வைத்திருப்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு பலருக்கு இந்த அளவு தானாகவே ஏறுகிறது. ஆகவே உறுப்பு மாற்றுக்கான உன் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்.

ஒன்றே ஒன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். சுவரொட்டி ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கிறவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. அந்த லேகியத்தில் பாதரசமோ ஈயமோ இருந்தால், இப்போது கொஞ்சம் போகிற சிறுநீரும் நின்றுவிடும்.

போன தடவை வந்தபோது கயல் முகம் சுண்டிப்போயிருந்தது. தன்னைத்தான் உனக்குப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அந்தப் பெண் நினைக்கிறாள்போல. நீயே சொல்லிவிடு. வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போ.

இப்படிக்கு,
அப்பா