தேதி கேட்காதீங்க அண்ணே

டோவர், டெலவேர், அமெரிக்கா

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல். சின்னவனுக்குக் காது குத்த என்றைக்கு வருகிறீர்கள், இலஞ்சி குமாரர் கோயிலில் சொல்லி வைக்கணுமே என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மடியில் உட்கார்த்திக்கொள்ளப் போகிற தாய்மாமன், கேட்கத்தான் செய்வீர்கள். தேதி ஏன் சொல்ல முடியவில்லை என்று விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். "மிலிட்டரி பிளைட்டில் சும்மா வருவாக" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாமே!

சும்மாதான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி, புளியரை வழியாகக் கேரளா போகிற லாரியில் கேபினில் ஏறிக்கொள்கிறோமே, அந்தச் சும்மா. லாரி காய்க்காகப் போகிறது. டிரைவருக்கு மனசிருந்து, கேபினில் இடமும் இருந்தால் நமக்கு யோகம். இங்கே இதற்கு ஸ்பேஸ்-ஏ என்று பெயர். அமெரிக்கப் பட்டாளத்து விமானத்தில் மிச்ச இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடம் கேட்பவர்கள் பட்டியல் ஆறு பிரிவு. வீட்டில் சாவு, ஆபத்து என்று போகிறவர்கள் முதல் பிரிவு. சாதாரண லீவில் போகிற சிப்பாயும் கூடப் போகிற குடும்பமும் மூன்றாவது. ரிட்டையர் ஆனவர்கள் ஆறாவது. ஒரே பிரிவுக்குள் யார் முந்திப் பதிந்தாரோ அவருக்கு முன்னுரிமை. உங்க மாப்பிள்ளை மாதிரி பட்டாள வேலையில் இருப்பவர் லீவு தொடங்கிய பிறகுதான் பதியவே முடியும். ஐந்து இடம் வரை எழுதிக் கொடுக்கலாம், அதில் ஒன்றை 'எந்த இடமானாலும்' என்று போடலாம்.

பொதிகை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்டில் நம் நம்பர் 40-லிருந்து 12-க்கு இறங்குமே தவிர ஏறாது. இது ஏறும். ராத்திரி ஐந்தாவதாக இருந்த பெயர், விடிவதற்குள் முதல் பிரிவில் இரண்டு குடும்பம் வந்தால் பன்னிரண்டாவது. அதனால் நம்பரைப் பார்த்து மனக்கோட்டை கட்ட முடியாது.

மூன்று நாள் அட்டவணை போடுவார்கள். அதில் சீட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எஃப் என்றால் உறுதி, டி என்றால் உத்தேசம். பல நாள் எண்ணே இருக்காது, பிறகு தெரியும் என்று மட்டும் இருக்கும். டெர்மினலுக்குப் போய் 'வந்துவிட்டேன்' என்று பெயரைக் குறித்துவிட்டுக் காத்திருக்கணும். பிறகு ரோல்கால். பெயர் கூப்பிடும்போது மொத்தக் குடும்பமும், பெட்டியோடு, அங்கே நிற்கணும். ஒருவர் பாத்ரூமில் இருந்தாலும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் சீட் உண்டா இல்லையா என்றே தெரியும்.

கெடுப்பதற்கு எத்தனை காரணம்! வெடிபொருள் மாதிரி ஆபத்தான சரக்கு ஏறினால் பயணிகளே கூடாது. கடைசி நேரத்தில் சரக்கு கூடினால் சீட் குறையும். அரசு வேலையாகப் போகிறவர் வந்தால் நம்மை இறக்கிவிடலாம், அதுவும் நடுவழி ஊரில்கூட. விமானம் பழுதானால், ரிப்பேர் முடிவதற்குள் விமானிகளின் வேலை நேரம் தீர்ந்துவிடும். சி-17 என்கிற சரக்கு விமானத்துக்குச் சாதாரணமாக 16 மணி நேரம். அப்புறம் அவர்கள் தூங்கி எழுந்தால்தான் பயணம். இன்னொரு சரக்கு விமானம், கிழவன் சி-5, பழுதாகிற விஷயத்தில் பேர்போனது. ஆனால் மாடியில் 73 சீட், எல்லாம் வாலைப் பார்த்தபடி. அது நல்லபடியாகக் கிளம்பினால் அன்றைக்கு அதிர்ஷ்டம்தான்.

சி-17-இல் சுவரோரம் பக்கத்துக்கு 27 மடக்கு இருக்கை. எதிரே வலை போட்டுக் கட்டிய சரக்குத் தட்டுகள், தரையில் உருளைகள். இரைச்சலில் பேச்சு கேட்காது. காதில் வைக்கப் பஞ்சு மாதிரி நுரைக்குச்சி தருவார்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, காதுக்குள் விட்டு, அது உப்பும் வரை அமுக்கிப் பிடிக்கணும். உருட்டாமல் செருகினால் பாதி வழியில் கழன்றுவிடும். தரை ஐஸ் மாதிரி இருக்கும், ஆகவே கம்பளிச் சாக்ஸ், ஸ்வெட்டர். செருப்புப் போட்டால் ஏற்ற மாட்டார்கள், மூடிய ஷூதான். ஆளுக்கு 70 பவுண்டில் இரண்டு பெட்டி கொண்டுபோகலாம். மதினி கேட்ட சாமானை அதில் வைக்கிறேன்.

இது இந்தியா வராது அண்ணே, ஜெர்மனியில் ராம்ஸ்டைன் பட்டாள விமானத் தளம் வரைக்கும்தான். அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பிராங்பர்ட். திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் முன்கூட்டி எடுத்தால் பணம் போகும் பயம், கடைசியில் எடுத்தால் விலை ஏறிக் கிடக்கும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற எனக்கு ஜெர்மனிக்குள் நுழைய ஷெங்கன் விசாவும் வேண்டும். விசாவுக்குத் தேதி சொல்லணும், விமானத்துக்கோ தேதி கிடையாது! திரும்பும்போது லீவு முடிவதற்குள் சீட் கிடைக்காவிட்டால் சொந்தக் காசில் வந்துசேரணும். அந்தப் பணத்தைத் தொடாமல் தனியே வைக்காதவர் இந்தப் பயணத்துக்கே கிளம்பக் கூடாது.

ஜூன், ஜூலையில் கூட்டம் நெரியும். இங்கே பட்டாளத்துக் குடும்பங்கள் ஊர் மாறும் மாதங்கள் அவை. குற்றாலத்தில் சீசனும் அப்போதுதான், என்ன செய்ய. டிசம்பரும் அப்படியே. அதனால் உங்க மாப்பிள்ளை பிப்ரவரிக்கு லீவு கேட்டிருக்கிறார்.

அப்பாவையும் இதில் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, பட்டாள அடையாள அட்டை இருக்கிற குடும்பத்தாருக்கு மட்டும்.

மண்டபம் பிடிக்க வேண்டாம். ஆசாரியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், ஒருநாள் முந்திச் சொன்னால் அவர் வந்துவிடுவார். ராம்ஸ்டைனில் இறங்கியதும் போன் போடுகிறேன், பிராங்பர்ட்டில் டிக்கெட் கையில் வந்ததும் இன்னொரு போன். இரண்டாவது போனுக்கு அப்புறம் காரை எடுங்கள். தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை வழியாகவே வாருங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தால் உடனே போய் நிறுத்துங்கள்.

அன்புத் தங்கை