பத்து லட்சம் கேட்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

உன் மெயிலைப் படித்தேன். சிறுதானிய வியாபாரம் செய்யப்போகிறேன் என்று கல்லூரியில் படிக்கும்போது வாங்கிப் போட்டாயே, அந்த டாட் இன் இணையதளப் பெயரை ஒரு கம்பெனி 15,000 ரூபாய்க்குக் கேட்கிறது. நீயோ பத்து லட்சம் என்று பதில் எழுதட்டுமா என்கிறாய். எழுதாதே. வருடா வருடம் அதற்குப் பணம் கட்டுகிறவன் நான், எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

நீ உதாரணம் காட்டுகிற வாய்ஸ் டாட் காம் என்ற பெயர் 2019-இல் 3 கோடி டாலருக்கு விற்றது உண்மைதான். அது உலகம் முழுக்கப் புரிகிற ஒற்றைச் சொல், அதுவும் டாட் காம். நம்முடையதை இத்தனை காலத்தில் கேட்டு வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

நீ படிக்க வேண்டிய கதை வேறு. கனடாவில் மைக் ரோ என்ற 17 வயதுப் பையன் தன் பெயரோடு சாஃப்ட் சேர்த்து ஒரு டாட் காம் வைத்திருந்தான். சேர்த்துச் சொன்னால் மைக்ரோசாஃப்ட் மாதிரியே ஒலிக்கும். கம்பெனி வக்கீல்கள் 10 டாலர் தருகிறோம் என்றார்கள். பையன் 10,000 கேட்டான். காசு பறிக்கத்தான் பதிந்திருக்கிறான் என்று அந்தப் பதிலையே அவனுக்கு எதிராகத் திருப்பினார்கள். பேப்பர்களெல்லாம் எழுதிய பிறகு 2004-இல் சமரசம் ஆனது. பெயரைக் கொடுத்துவிட்டு எக்ஸ்பாக்ஸ் என்ற அவர்களுடைய வீடியோ கேம் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

உன் அப்பாரு, அதான் என் அப்பா, அந்தியூர்ச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் மாட்டுக்கு விலை பேசுவார். என்ன கேட்டார் என்பதற்குச் சாட்சியே கிடையாது. மெயிலில் நீ எழுதுவது அப்படியே நிற்கும். டாட் இன் தகராறுகளை, அந்தப் பெயர்களை நிர்வகிக்கிற நிக்சி அமைப்பின் விதிப்படி ஒரு நடுவர் தீர்ப்பார். டாட் காமுக்கு, புகார் கொடுக்கிறவர் நாம் கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். டாட் இன்னுக்கு இரண்டில் ஒன்று போதும். பயப்பட வேண்டாம், நம் பெயர் இரண்டு சாதாரணச் சொற்கள்தான், அவர்கள் கம்பெனி தொடங்கும் முன்பே நீ பதிந்துவிட்டாய். ஆனாலும் "உங்களுக்கு இது எவ்வளவு அவசியம் என்று தெரியும்" என்கிற மாதிரி ஒரு வரிகூட வேண்டாம்.

சரி, விலை. இந்தப் பெயர் இல்லாமல் போனால் அவர்களுக்கு என்ன செலவு என்று யோசி. பின்னால் ஃபுட்ஸ் என்று ஒட்டி ஆயிரம் ரூபாய்க்குள் புதுப் பெயர் வாங்கிவிடலாம். பாக்கெட் அச்சடித்து முடித்திருந்தால் மட்டும் கொஞ்சம் கூடத் தருவார்கள். என் கணக்கில் 60,000 கேள், 35,000-க்குக் கீழே இறங்காதே. உடனே பதில் போடாமல் இரண்டு நாள் விடு. "விற்கும் எண்ணத்தில் வாங்கவில்லை, இந்த விலை என்றால் தரலாம்" என்று இரண்டு வரி போதும். நீயாக எதையும் விளக்காதே.

பணம் எஸ்க்ரோ வழியாக, அதாவது பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் நிறுவனம் வழியாக, வரட்டும். அவர்கள் அங்கே கட்டி, கட்டிவிட்டார்கள் என்று எஸ்க்ரோவிலிருந்து தகவல் வந்த பிறகுதான் நீ பெயரை மாற்றவிடாமல் தடுக்கிற லாக்கை எடுத்து, மாற்றிக்கொள்வதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கொடுக்க வேண்டும். அந்தத் தகவலையும் மெயில் லிங்க்கை அழுத்திப் பார்க்காமல், நீயே அந்தத் தளத்துக்குள் நுழைந்து பார். எஸ்க்ரோ கட்டணம் யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடு, கடைசியில் சண்டை வருவது அங்கேதான். அப்புறம், குறிப்பிட்ட ஒரு இடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வா என்று கேட்டால் அதோடு பேச்சை நிறுத்து. அந்தக் கட்டணத்தைப் பிடுங்குவதற்கென்றே வருகிற ஆட்கள் உண்டு.

அடுத்த மாதம் புதுப்பிப்புத் தேதி வருகிறது. பேச்சு முடிந்தாலும் முடியாவிட்டாலும் நான் இந்த வாரமே ஒரு வருடத்துக்குக் கட்டிவிடுகிறேன். காலாவதித் தேதி எல்லோருக்கும் தெரிகிற விஷயம், அவர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் இழுத்தடிப்பார்கள்.

அன்புடன்,
அப்பா