கூண்டில் ஏற்ற ஆள் தேடாதீர்கள்: குற்றத் தொடர் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் குற்றத் தொடர் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். நாளிதழில் வந்த சம்பவத்தை எடுத்து, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி, எல்லாம் கற்பனையே என்று ஒரு வரி போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வழக்கை முடித்துவிடுவது உங்களுக்குக் கைவந்த கலை. எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. உங்கள் தொடர்களை விடிய விடியப் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் ராக் கச்சேரியில் தீப்பிடித்து ஆட்கள் சாகிற கதை என்று வந்துவிட்டால், நீங்கள் போகிற பாதை ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது. முதலில் தீ. அப்புறம் கருகிய கட்டடத்துக்குள் இரண்டு துப்பறிவாளர்கள். நடுவில் ஒரு பழைய பகை, இல்லையென்றால் இன்சூரன்ஸ் பணம். கடைசியில் கூண்டில் ஒருவன் நிற்பான், நமக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இந்த மாதிரிக் கதைகளுக்குப் பின்னால் நிற்கிற நிஜத் தீ எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2003 பிப்ரவரி 20, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்ட் வார்விக் ஊரில் இருந்த 'தி ஸ்டேஷன்' கேளிக்கை விடுதி. இரவு 11 மணி தாண்டிச் சில நிமிடங்கள். கிரேட் ஒயிட் என்ற ராக் குழு முதல் பாட்டை ஆரம்பிக்க, குழுவின் சுற்றுப்பயண மேலாளர் மேடையில் புஸ்வாணம் மாதிரியான வாணங்களைக் கொளுத்தினார். டிரம்ஸுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பொறி பட்டது. 100 பேர் செத்தார்கள். அவர்களில் குழுவின் கிட்டார் கலைஞர் டை லாங்லியும் ஒருவர். காயம்பட்டவர்கள் 200 பேருக்கு மேல்.

இதில் வேண்டுமென்றே தீ வைத்தவன் எவனும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு இந்தக் கதை கையில் அடங்குவதில்லை. ஒரு ஆளைக் கற்பனையில் செய்து உள்ளே நுழைக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த ஆளை நுழைத்த நிமிடமே 100 பேரின் சாவுக்கு உண்மையான காரணங்கள் எல்லாம் கதையை விட்டு வெளியே போய்விடுகின்றன.

அந்த நுரைப் பஞ்சையே எடுத்துக்கொள்ளுங்களேன். அது ஏன் சுவரில் இருந்தது? விடுதியின் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அப்படிப் புகார் சொன்னவர்களில் ஒருவர் நுரைப் பஞ்சு விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். சத்தத்தை அடக்க இதை ஒட்டலாம் என்று பேச்சு வந்தது, உரிமையாளர்கள் வாங்கி ஒட்டினார்கள். வந்தது பொருள்களைப் பொதிந்து அனுப்பப் பயன்படும் மலிவான பாலியூரித்தேன். தீயைத் தடுக்கும் மருந்து சேர்க்காதது. பற்றினால் பெட்ரோல் மாதிரி எரியும், புகையில் சயனைடு நஞ்சும் வரும். பக்கத்து வீட்டாரோடு சண்டை வேண்டாம் என்று செய்த காரியம் இது. யாருக்கும் யார் மேலும் விரோதம் கிடையாது. இதை ஒரு காட்சியாக எழுதிப் பாருங்கள். ரத்தம் இல்லை, மிரட்டல் இல்லை, ஒரு விலைச்சீட்டு மட்டும் கைமாறுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட வயிற்றைப் பிசைகிற முதல் காட்சி கிடையாது.

அடுத்தது ஆய்வாளர். ஊர்த் தீயணைப்புத் துறையின் அதிகாரி அந்த விடுதியைப் பலமுறை சோதித்தவர். மேடைப் பக்கத்துக் கதவு உள்நோக்கித் திறக்கிறது, அது சட்டப்படி தப்பு என்று குறித்தவரும் அவர்தான். அதே கதவின் மேலும் நுரைப் பஞ்சு ஒட்டியிருந்தது. அது அறிக்கையில் வரவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பின்னால், யார் மேல் வழக்குப் போடலாம் என்று முடிவு செய்யும் ஜூரிகள் முன் கேட்டபோது, கதவைப் பற்றிய கவனத்தில் பஞ்சு கண்ணில் படவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். நன்றாக யோசித்துப் பாருங்கள்: தப்பான கதவைக் கண்டுபிடித்த கண், அதன் மேலேயே இருந்த சாவைப் பார்க்கவில்லை. உள்ளே இத்தனை பேர் இருக்கலாம் என்று அவர் கணக்கிட்டுக் கொடுத்த எண் 404. அன்று இருந்தவர்கள் அதற்கும் மேல். அவர் மேல் வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான்? கிடையாது. கட்டடம் பழையது, புதிய விதி பழைய கட்டடத்தைக் கட்டுப்படுத்தாது என்று விட்டிருந்தார்கள்.

இன்னொன்று. அன்றிரவு உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் ஒருவர் அங்கே இருந்தார். எதற்கு வந்தார் தெரியுமா? விடுதிகளில் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்ற செய்திக்குப் படம் பிடிக்க. மூன்று நாளைக்கு முன்னால்தான் சிகாகோவில் ஒரு விடுதியில் நெரிசலில் 21 பேர் செத்திருந்தார்கள். அந்தத் தொலைக்காட்சியின் செய்தியாளரே ஸ்டேஷன் விடுதியின் உரிமையாளர்களில் ஒருவர். இதை நீங்கள் சொந்தமாக யோசித்து எழுதியிருந்தால், 'ரொம்ப ஓவர்' என்று உங்கள் தயாரிப்பாளரே வெட்டியிருப்பார்.

ஒளிப்பதிவாளரின் படம் இன்றும் இணையத்தில் இருக்கிறது. முதல் சில விநாடிகள் கூட்டம் கையைத் தூக்கி ஆடுகிறது. சுவரில் ஏறுகிற தீயும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைக்கிறார்கள். பிறகு திரும்பி, உள்ளே வந்த வழியிலேயே நடக்க ஆரம்பிக்கிறார்கள். வெளியேற வேறு வழிகளும் இருந்தன. ஆனால் பெரும்பாலானோர் முன்வாசலைத்தான் தேடினார்கள். டிக்கெட் வாங்கும் இடத்தை ஒட்டிய குறுகலான நடை அது. இரண்டு நிமிடம் ஆவதற்குள் அங்கே ஆள் மேல் ஆள் விழுந்து வாசல் அடைபட்டுவிட்டது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தப் படத்தை அப்படியே நடித்துக் காட்டி, விளம்பர இடைவேளைக்கு முன் ஆளை உட்கார வைக்கும் கொக்கியாக ஆக்காதீர்கள். அதில் இருக்கிற முகங்களுக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள்.

நீதிமன்றக் காட்சிக்கு வருகிறேன், நீங்கள் அதில்தானே நட்சத்திரங்கள். நிஜத்தில் நீதிமன்றத்தில் குற்ற வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. வாணம் கொளுத்திய சுற்றுப்பயண மேலாளர் 2006 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15 ஆண்டுத் தண்டனை, அதில் சிறையில் இருக்க வேண்டியது 4. விடுதி நடத்திய அண்ணன் தம்பி இருவரும் அதே ஆண்டு வழக்கை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றார்கள். ஒருவருக்கு மேலாளரைப் போலவே தீர்ப்பு, மற்றவர் சிறைக்கே போகவில்லை. சாட்சிக் கூண்டில் கேள்வி கேட்பார்கள், பஞ்சைப் பற்றியும் கதவைப் பற்றியும் எல்லாம் வெளியே வரும் என்று மூன்று வருடம் காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது அதுதான். அவர்கள் கொதித்துப் போனார்கள். உங்கள் தொடரில் நடக்கிற அனல் பறக்கும் குறுக்கு விசாரணை அவர்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்று. அதைப் பொழுதுபோக்காகக் காட்டும்போது கொஞ்சம் கூச்சமாவது இருக்க வேண்டாமா?

அந்த மேலாளர் செத்துப்போன ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் தன் கையால் கடிதம் எழுதினார். அவரை முன்கூட்டி விடுவிக்கலாம் என்று சில குடும்பங்களே சொன்னார்கள். 2008-ல் வெளியே வந்தார். அந்தக் குடும்பங்கள் யாரை மன்னித்தார்கள், யாரை மன்னிக்கவில்லை, ஏன் என்பதற்கே ஒரு முழு சீசன் போதாது. உங்கள் வில்லனுக்கு இந்த ஆழத்தில் கால்வாசியாவது உண்டா?

ஸ்டேஷனோடு முடிந்ததா என்றால் இல்லை. 2004 கடைசியில் புவனோஸ் ஐரிஸில் 194 பேர், 2013-ல் பிரேசிலின் சாந்தா மரியாவில் 242 பேர், 2015-ல் புக்கரெஸ்ட்டில் 64 பேர். மூன்றிலும் இசை நிகழ்ச்சி, மூன்றிலும் கூரைக்குக் கீழே வாணம். ஊர் வேறு, மொழி வேறு, மற்றதெல்லாம் அச்சு அசல் அதே.

அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் (NIST) ஸ்டேஷன் தீயைப் பற்றி 2005-ல் வெளியிட்ட அறிக்கை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மேடையின் ஒரு பகுதியை அதே போலக் கட்டி, தெளிப்பான் இல்லாமல் ஒரு முறை, தெளிப்பானோடு ஒரு முறை கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். தெளிப்பான் இருந்திருந்தால் ஆட்கள் பிழைத்து வெளியேற அவகாசம் கிடைத்திருக்கும் என்கிறது அது. அடுத்த முறை எழுத உட்காரும் முன் அதைப் படியுங்கள். முழுவதும் படிக்க நேரம் இல்லை என்றால், முன்வாசலைப் பற்றிய பக்கங்களையாவது.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன்