பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: என்எஃப்எல் வர்ணனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமைதோறும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஆட்டங்களை வர்ணிக்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

தமிழில் எழுதினால் இது அவர்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று என் மனைவி கேட்கிறாள். சேராவிட்டால் போகட்டும். சின்சினாட்டிப் பக்கம் குடிவந்த நாளிலிருந்து உங்கள் குரலைக் கேட்டபடிதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறேன். ஒரு தடவையாவது நான் பேச நீங்கள் கேட்க வேண்டாமா?

ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்குள் எதிரணிக்காரர் ஒருவர் வந்து அவரைத் தரையில் சாய்த்துவிட்டால், அதாவது ஒரு சாக் விழுந்துவிட்டால், அடுத்த மூச்சில் நீங்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: லைன் காப்பாற்றவில்லை. நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், ஓரங்களில் டாக்கிள் என்று குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கிற ஐந்து பேர் தலையில் மொத்தப் பழியும் விழுகிறது. அவர்கள் கணக்கில் பிடித்த பந்து கிடையாது, ஓடிய கெஜம் கிடையாது. அவர்கள் பெயர் உங்கள் வாயில் வருவதே ஏதாவது தப்பு நடந்தால்தான்.

நானும் சோபாவில் உட்கார்ந்து அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். என் மகன் பள்ளி அணியில் கார்டாகச் சேர்ந்த பிறகுதான் வாய் கொஞ்சம் அடங்கியது.

அவனுடைய பயிற்சியாளர் ஓர் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூம்பை எடுத்து, சென்டருக்கு நேர் பின்னால் ஏழு கெஜத்தில் வைப்பார். "இதுதான் உன் வீடு, இதைத் தாண்டிப் பின்னால் போகாதே" என்று குவார்ட்டர்பேக் பையனிடம் சொல்வார். டாக்கிளுக்குத் தனிப் பாடம். ஓரத்திலிருந்து வளைந்து ஓடி வருகிறவனை முட்டி நிறுத்த முயல வேண்டாம். அவன் ஓடுகிற ஓட்டத்திலேயே தோளைக் கொடுத்துத் தள்ளி, கூம்புக்குப் பின்னால் போக விட்டுவிடு. குவார்ட்டர்பேக் தன் வீட்டில் இருந்தால், வந்தவன் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அந்தக் குவார்ட்டர்பேக் பையன் பயந்துபோய் பத்துப் பதினொரு கெஜம் பின்வாங்கினான். டாக்கிள் சொல்லிக்கொடுத்தபடியே ஆளைப் பின்னால் தள்ளினான், நேராகக் குவார்ட்டர்பேக் மடியில். என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று டாக்கிளைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன், பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்ததும் மகன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "அப்பா, அவன் சரியாத்தான் தள்ளினான். இவன்தான் கூம்பைத் தாண்டிப் போயிட்டான்."

தொலைக்காட்சியில் கூம்பு தெரியாது. ஆனால் அதே கணக்குதான் அங்கேயும். குவார்ட்டர்பேக் எவ்வளவு ஆழம் போகிறார், எத்தனை வினாடி பந்தை வைத்திருக்கிறார் என்பதை நம்பித்தான் அந்த ஐந்து பேரும் கால் வைக்கிறார்கள். அவர்கள் முதுகு அவர் பக்கம். திரும்பிப் பார்க்க நேரமில்லை.

அப்புறம் எண்ணிக்கை. தடுக்க ஐந்து பேர். ஆறு பேர் பாய்ந்து வந்தால் ஒருவன் தடையில்லாமல்தான் வருவான். அந்த ஆறாவது ஆள் குவார்ட்டர்பேக் பொறுப்பு. அவன் வந்து சேர்வதற்குள் பந்தைக் கையைவிட்டு அனுப்பிவிட வேண்டும், அதற்குத் தோதாக ஒரு குட்டை வீச்சைப் பயிற்சியாளர் திட்டத்தில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் நீங்கள் சொல்வது, "லைனில் பெரிய ஓட்டை."

குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் விஷயத்தில் இது உங்களுக்கே தெரியும். பந்து கிளம்புவதற்கு முன் அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டியதை வைத்து நீங்கள் எத்தனை நகைச்சுவை செய்திருப்பீர்கள்! நாட்டியமாகத் தெரிந்த அதில் பாதி, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற நடு லைன்பேக்கர் யார், தடுப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சென்டர் ஜெஃப் சாட்டர்டேயோடு நடந்த பேச்சுவார்த்தை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஆள் அந்த சாட்டர்டே. லைனுக்குப் பாடம் எடுத்தவர் ஹவர்ட் மட், தானும் ஒரு காலத்தில் கார்டாக ஆடியவர். 2009 சீசனில் மானிங் 571 தடவை பந்தை வீசினார். விழுந்த சாக் 10. அந்த ஐவரும் மலைகள் இல்லை. மானிங் பந்தைச் சீக்கிரம் விட்டார், விடுவதற்கு முன்பே ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று சொல்லியும் வைத்தார்.

எங்கள் ஊர் பெங்கல்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு வருகிறேன். 2021ல் லீக் ஆட்டங்களில் மட்டும் 51 சாக். அதற்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில், டென்னஸியில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை சாய்த்தார்கள். அப்படியும் பெங்கல்ஸ் 19-16 என்று ஜெயித்தது. இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஏழு, அங்கே தோற்றோம். லைனை மாற்று என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள், மாற்றினார்கள். 2022ல் ஐந்தில் நான்கு இடத்தில் புது ஆள். முதல் இரண்டு ஆட்டத்தில் எத்தனை சாக்? பதின்மூன்று! பழைய லைனே தேவலை என்று நம் ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பர்ரோ ஆடிய 14 ஆட்டங்களில் மொத்தம் 28தான். அவர்கள் ஒருவரோடொருவர் பழகிக்கொண்டது ஒரு காரணம். பந்து அவர் கையை விட்டுச் சீக்கிரம் கிளம்பத் தொடங்கியது இன்னொரு காரணம். அதைப் பற்றி உங்களில் ஓரிருவர்தான் பேசினீர்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது லைன் பயிற்சியாளர் டேவ் டிகூலியெல்மோவின் கதை. நியூ இங்கிலாந்து அணியின் லைனைப் பல வருடம் வளர்த்த டான்டே ஸ்கார்னெக்கியா 2013 சீசனோடு ஓய்வு பெற, அந்த இடத்துக்கு இவர் வந்தார். முதல் வருடமே சூப்பர் பௌல் வெற்றி. அடுத்த சீசன் முடிவில், 2016 ஜனவரியில், டென்வரில் அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இருபது தடவை அடிவாங்கினார்; 20-18 என்று தோல்வி. டிகூலியெல்மோவை உடனே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கார்னெக்கியா திரும்பி வந்தார். 2015ல் 38 சாக் வாங்கிய பிரேடி, 2016ல் ஆடிய 12 ஆட்டங்களில் 15 வாங்கினார். டென்வரில் தடுமாறிய டாக்கிள் மார்கஸ் கேனன், லீகின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிற ஆல்-ப்ரோ பட்டியலின் இரண்டாம் அணியில் இடம் பிடித்தார். பார்த்தீர்களா, பழைய வாத்தியார் வந்ததும் பையன்கள் தேறிவிட்டார்கள் என்றீர்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. காயத்தில் இருந்த டாக்கிள் நேட் சோல்டர் அந்த வருடம் திரும்பி வந்ததும், கார்ட் ஜோ தூனி புதிதாகச் சேர்ந்ததும் அந்தப் பேச்சில் அடிபடவில்லை.

சரி, அந்த "தேறாத வாத்தியார்" என்ன ஆனார்? 2018ல் இண்டியானாபோலிஸ் லைனுக்குப் பயிற்சியாளர். அதற்கு முந்தைய வருடம் லீகிலேயே அதிகமாக 56 சாக் கொடுத்த அணி அது. 2018ல் லீகிலேயே குறைவாக 18. தோள் சரியாகி குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் திரும்பியிருந்தார், தலைமைப் பயிற்சியாளர் ஃப்ராங்க் ரைக் பந்தைச் சட்டென்று விடுகிற திட்டம் கொண்டுவந்தார், க்வென்டன் நெல்சன், ப்ரேடன் ஸ்மித் என்று லைனுக்கு இரண்டு நல்ல பையன்கள் டிராஃப்டில் கிடைத்தார்கள். சீசன் முடிந்ததும் டிகூலியெல்மோவை மறுபடியும் அனுப்பிவிட்டார்கள். டென்வரில் விழுந்த அடி அவர் பாவம் என்றால், இந்த 18 யாருடைய புண்ணியம்? அவருக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா?

லைன்மேன்கள் தப்பே செய்வதில்லை என்று வாதாட வரவில்லை. 2002ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புதிதாகப் பிறந்த அணி. லைனுக்கென்று எடுத்த டோனி போசெலி காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டேவிட் கார் என்ற அறிமுகக் குவார்ட்டர்பேக் 76 சாக் வாங்கினார், இன்றைக்கும் அதுதான் சாதனை. 2021 பிப்ரவரி சூப்பர் பௌலில் இரண்டு ஓர டாக்கிளும் இல்லாமல் கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பக்கவாட்டில் ஓடியே களைத்தார். அந்த மாதிரி நாட்களில் லைனைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

கேட்பது ஒன்றுதான். சாக் விழுந்ததும் பக்கவாட்டுக் கேமராவில் அந்த மோதலை நான்கு தடவை காட்டுகிறீர்கள். அதில் ஒரு தடவையை, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கிற காட்சிக்குக் கொடுங்கள். எத்தனை பேர் பாய்ந்தார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். பந்து எத்தனை வினாடி கையில் இருந்தது என்று சொல்லுங்கள். பிறகு படத்தை நிறுத்தி, குவார்ட்டர்பேக்கின் குதிகால் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று ஒரு வட்டம் போடுங்கள். அந்த மஞ்சள் பேனாவை வேறு எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறீர்களே.

இப்படிக்கு,
ஒரு கார்டின் அப்பா
சின்சினாட்டி, ஒஹாயோ