இரட்டை ஆன்டெனாவும் கேபிள் அளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பன் கூரைகளில் இரண்டு யாகி ஆன்டெனாக்களை (ஒரே திசையை நோக்கும் வகை) ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் அமெச்சூர் ரேடியோ அன்பர்கள் பலர் கேபிள் அளவில் கோட்டை விடுகிறார்கள். 50 ஓம் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) உள்ள ஆன்டெனா இரண்டையும் அதே 50 ஓம் கேபிளால் டி-கனெக்டரில் (டி வடிவ இணைப்பான்) சேர்த்தால் 25 ஓம்தான் மிஞ்சும், ரேடியோவுக்கு வேண்டியதோ 50 ஓம்.

ஒவ்வொன்றுக்கும் 75 ஓம் கேபிளில் முக்கால் அலைநீளம் வெட்டுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில், கேபிளின் வேகக் காரணி (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் சிக்னல் கேபிளில் ஓடுகிறது என்பது) 0.66 என்றால், கனெக்டரோடு சேர்த்து 102 செ.மீ. டி-யில் 56 ஓம் வரும், தாராளமாகப் போதும். கால் அலைநீளமும் கணக்குக்குச் சரிதான், ஆனால் 34 செ.மீ. கேபிள் ஆன்டெனாவிலிருந்து டி வரை எங்கே எட்டும்? ஃபோம் கேபிளுக்கு வேகக் காரணி வேறு, இந்த அளவு பொருந்தாது.

இரண்டு ஆன்டெனாவிலும் கேபிளின் நடுக்கம்பி ஒரே பக்கம் சேர வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டின் அலைகளுக்கும் 180 பாகை வித்தியாசம். ஆன்டெனா நோக்கும் நேர் திசையில் சிக்னல் செத்துவிடும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னலைக் காட்டும் கருவி) எல்லாம் சரி என்றே காட்டும், அதை நம்பாதீர்கள். கடற்காற்று அரிக்கும் ஊர் இது, இணைப்புகளை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ ஆர்வலர்கள், சாட்ஸ்வொர்த்