கண்ணாடியை உடைத்தது யார்? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் சென்ற வாரம் காலில் கட்டுடன் பள்ளிக்கு வந்தார். வாணலியின் கண்ணாடி மூடி, சமையல் முடிந்து நெடுநேரம் கழித்து, மேடையில் வைத்த இடத்திலேயே வெடித்துச் சிதறியிருக்கிறது. சில்லு குத்தியது போதாதென்று, "கழுவும்போது நீதான் எங்கோ இடித்திருப்பாய்" என்று ஏச்சும் வாங்கியிருக்கிறார். அறிவியல் வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்ததும், "எங்கள் வீட்டிலும் சார்" என்று பல கைகள் உயர்ந்தனவாம். ஒரு வீட்டில் கேஸ் அடுப்பின் மேல்கண்ணாடி. இன்னொரு வீட்டில் வெந்நீர் ஊற்றிய ஊறுகாய் பாட்டில். ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் குற்றவாளி ஒருவர்தான்: அதைக் கடைசியாகத் தொட்ட பிள்ளை. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஊறுகாய் பாட்டில் வழக்கு எளிது. கண்ணாடியில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும். கொதிநீர் பட்டதும் உட்பக்கம் விரிகிறது. வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் இழுபடுகிறது. அழுத்தினால் நன்றாகத் தாங்கும் கண்ணாடி, இழுத்தால் தாங்காது. தடித்த கண்ணாடி வலுவானது என்று நாம் நினைக்கிறோம். சூட்டைப் பொறுத்தவரை அது தலைகீழ்: தடிமன் கூடக்கூட உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் கூடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தில் சூடான குழம்பை ஊற்றினாலும், சுடச்சுட இருக்கும் மூடியை ஈரமான கிரானைட் மேடையில் வைத்தாலும் நடப்பது இதுவே. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கும் பாட்டி காலத்துப் பிரிமணையை வீசிவிடாமல் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

"ஆய்வகத்தில் பீக்கரை நெருப்பின் மேலேயே வைக்கிறோமே, அது ஏன் உடையவில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டானாம். நல்ல கேள்வி. பீக்கர் போரோசிலிகேட் கண்ணாடி. சாதாரணப் பாட்டில் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். 1915இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் சமையலறைக்குக் கொண்டுவந்ததும் இந்த வகையைத்தான். ஆனால் கடையில் பளபளக்கும் கண்ணாடிப் பாத்திரமெல்லாம் போரோசிலிகேட் அல்ல. அட்டைப்பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

யாரும் தொடாமலே உடைவதுதான் புதிர். துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டு, மீதியைக் கையாலேயே கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுப்பு முழுவதும் அந்த வெட்டின் முனையில் குவிகிறது. கண்ணாடியில் அந்த வெட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல். கம்பி நாரால் தேய்த்தது, தொட்டியில் கரண்டியோடு உரசியது, குழாயில் இடித்தது என எல்லாமே கணக்கில் சேர்கின்றன. கண்ணாடி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த விசையில் உடைவதற்கு இத்தகைய நுண்விரிசல்களே காரணம் என்று கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். போதிய இழுப்பு இருந்தால், காற்றிலுள்ள ஈரம் விரிசலின் முனையை அரிக்க, அது மெல்ல வளரவும் செய்யும். திங்கட்கிழமை அப்பா இடித்தது வியாழக்கிழமை மகள் கையில் உடையலாம்.

வாணலி மூடியும் அடுப்பின் மேல்கண்ணாடியும் வேறு ரகம். கடைக்காரர் 'டஃபன்டு கிளாஸ்' என்று சொல்வது இதைத்தான். கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று இறுக வைப்பார்கள். உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடிக்கிறது. தானோ நிரந்தர இழுப்பில் நிற்கிறது. மேற்பரப்பு இப்படி அழுந்தியே இருப்பதால் சாதாரணக் கண்ணாடியைவிடப் பலமடங்கு வலு. ஆனால் ஒரு விரிசல் உள்பகுதியை எட்டிவிட்டால், அடைபட்ட விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி மொத்தமும் சிறு துண்டுகளாகிவிடும். நீளமான கத்திமுனைச் சில்லுகளைவிட இந்தத் துண்டுகளால் ஆபத்து குறைவு. வெடிச்சத்தத்தைக் கேட்டு கேஸ் வெடித்ததோ என்று பதறுவது இயல்பு. முதலில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் பிறகு பாருங்கள்.

இவ்வகைக் கண்ணாடியின் விளிம்புதான் பலவீனமான இடம். மூடியைச் சுற்றியுள்ள எஃகு வளையம் நசுங்கியிருந்தாலோ, அடுப்புக் கண்ணாடியின் ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலோ மாற்றிவிடுவதே நல்லது. மிக அரிதாக, உருவாக்கும்போதே நிக்கல் சல்பைடு என்ற வேதிப்பொருளின் துகள் ஒன்று உள்ளே சிக்கியிருக்கும். கண்ணாடி வேகமாகக் குளிர்வதால், அதிக வெப்பத்தில் இருந்த வடிவத்திலேயே அது உறைந்துபோகும். பின்னர் அறை வெப்பத்தில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மெதுவாக மாறிச் சற்றே பருக்கும். ஒருநாள் நள்ளிரவில் பெரிய கண்ணாடிக் கதவே பொலபொலவென்று உதிர்வதற்கு இது அறியப்பட்ட காரணம். நம் சமையலறையில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை விளிம்புக் காயமும், சூடான கண்ணாடியின்மேல் தெளித்த தண்ணீரும்தான்.

கண்ணாடி உடைந்தால் "திருஷ்டி கழிந்தது" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அறிவியல் ஆசிரியருக்கு அது பிடிக்காது. எனக்கு ஆட்சேபம் இல்லை. எத்தனையோ பிள்ளைகளை அடியிலிருந்து காப்பாற்றிய வாக்கியம் அது.

உடைந்துவிட்டால் பிள்ளைகளை நகராமல் நிற்கச் சொல்லி, செருப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூட்டியபின் நனைத்த செய்தித்தாளால் தரையை ஒற்றி எடுங்கள். டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் பாய்ச்சினால் மிச்சத் துகள்கள் மின்னும். அருகில் திறந்திருந்த உணவைக் கொட்டிவிடுங்கள், பால் போகிறதே என்று பார்க்க வேண்டாம். சில்லுகளை அட்டைப்பெட்டியில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கொடுங்கள். குப்பைப்பைக்குள் கைவிடுபவர் அவர்தான்.

வரும் திங்கட்கிழமை முதல் பள்ளிக்குக் கண்ணாடி பாட்டில், கண்ணாடி டப்பா எதுவும் கொண்டுவர வேண்டாம். எவர்சில்வர் போதும். உள்ளே கண்ணாடிக் குடுவை வைத்த பழைய வகை பிளாஸ்க்குக்கும் இது பொருந்தும்; சளிக்குக் கஷாயம் கொடுத்தனுப்புவோர் முழுவதும் எஃகாலான பிளாஸ்க்கில் அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்